மூன்று குசினிகள்

எங்கள் வீட்டில் 1996க்கு முந்திய பொருள் என்று எதுவும் இல்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எல்லாம் கிடக்கிற ஒரு றெக்சின் பையை விட்டுவிட்டால், சட்டி பானையிலிருந்து சுவரில் தொங்குகிற சாமிப்படம் வரைக்கும் அந்த வருடமோ அதற்குப் பிறகோ வாங்கியவைதான்.

சித்திரம் படிக்கிற பிள்ளைக்கு இது கொஞ்சம் கரைச்சலான விஷயம். வீட்டிலிருந்து ஒரு பொருளைத் தெரிவுசெய்து அதை வைத்துத் தொடராகச் சில படைப்புகள் செய்யவேண்டும் என்று ஒப்படை தந்தார்கள். அடுத்த கிழமை வகுப்பறை நூதனசாலை போல ஆகிவிட்டது. மூக்குப்பேணி, பாக்குவெட்டி, வெற்றிலைத் தட்டம், அரிக்கன் லாம்பு, றங்குப்பெட்டி என்று ஆளுக்கொன்று வந்து இறங்கியது. ஜாம் போத்தல் விளக்கும் வந்தது. அது வராத வருடமே இல்லை என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். 1990இல் போரால் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் பொன் விலைக்குப் போன காலத்தில் ஜாம் போத்தல், கொஞ்சம் பஞ்சு, சைக்கிள் ரியூப்பின் வால்வு, ஒரு திரி இவ்வளவையும் வைத்து யாழ்ப்பாணம் முழுவதும் படித்தது. சொட்டு எண்ணெயில் ஒரு இரவு ஓடும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஓவியத்தில் அதை இத்தனை தரம் பார்த்தபிறகு, போத்தலைக் கண்டாலே பார்க்கிறவருக்கு என்ன உணர்ச்சி வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியது போல இருக்கிறது.

மூக்குப்பேணிக்கு வேறு சிக்கல். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக மூக்கு வைத்துச் செய்த பித்தளைப் பேணி. பார்க்க வடிவுதான், பென்சிலால் கீறினால் அந்த வளைவு தானாகவே கைக்கு வரும். இன்றைக்கு விருந்தினர் விடுதிகளிலும் கலியாண மண்டப வாசல்களிலும் யாழ்ப்பாணம் என்றால் அதுதான் என்று அடுக்கி வைக்கிறார்கள். ஆனால் பேணி எல்லா வீட்டிலும் இருந்த பொருள் இல்லை. இருந்த வீட்டிலும் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லை. சாதியால் படலைக்கு வெளியே நின்றவருக்குச் சிரட்டையில் வார்த்தார்கள். தேநீர்க்கடைகளில் சிலருக்குப் போத்தலில் கொடுத்தார்கள். அதை மாற்ற 1960களின் பிற்பகுதியில் சங்கானை, சாவகச்சேரி என்று ஊர் ஊராகப் போராடவேண்டி இருந்தது. சிரட்டையை ஒருவரும் பரம்பரைப் பொருளாக வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் அது தேங்காய்ச் சிரட்டை மட்டும்தான், பழையதா புதியதா என்று யாருக்குத் தெரியும்?

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தின் வடக்கே இருக்கிற வசாவிளான். செம்பாட்டு மண், வெங்காயம், வாழை. 1990 இல் இடம்பெயர்ந்து கோண்டாவிலில் வாடகை வீட்டில் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ் நகரமும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கியபோது இவர்களும் மழைக்குள்ளால் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனார்கள். சைக்கிள் கரியரில் கட்டியது அரிசி, ஒரு சட்டி, உடுப்பு, அந்த றெக்சின் பை. சட்டி கொடிகாமத்தில் எங்கோ மாறிப்போய்விட்டது. 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் யன்னலும் இல்லை. உள்ளே இருந்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரியகடையில் வாங்கிய அலுமினியச் சோற்றுப்பானையோடு அம்மாவின் வீடு மறுபடி தொடங்குகிறது. அதுதான் எங்கள் வீட்டின் ஆதிப்பொருள்.

அந்தப் பானையைத்தான் கொண்டுபோக முடிவெடுத்தேன். அம்மாவுக்குப் பெரிய வெட்கம்.

“உந்தக் கரிப்பானையைக் கொண்டுபோய் என்ன பிள்ளை படம் கீறப்போறாய்? பொறு, சாம்பல் போட்டு மினுக்கித் தாறன்.”

மினுக்க விடவில்லை. கரிதான் எனக்குத் தேவைப்பட்டது. கல்வெட்டுகளைப் படியெடுக்கிற முறையை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கல்லின் மேல் ஈரக் கடதாசியை விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் வற்றி வரும்போது மையை ஒற்றினால், மேடெல்லாம் கறுத்துப் பள்ளமெல்லாம் வெள்ளையாக நிற்கும். நயினாதீவில் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரக்கில் அரசனுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்று சொல்கிற 12ஆம் நூற்றாண்டுக் கல். அந்த மாதிரிக் கல்லுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பானையின் அடிக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மை தேவைப்படவில்லை. வருடக்கணக்காக விறகடுப்பில் ஏறிய கரியே ஈரக் கடதாசியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

படி எடுத்தபிறகுதான் பானையின் அடியை முதல்தரம் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். நடுவில் சுற்றிச் சுற்றிக் கடைசல் வரிகள். ஒரு பக்கம் நெளிவு, கிணற்றுக்கட்டில் விழுந்ததாம். விளிம்புக்குக் கிட்ட, ஓட்டை விழுந்த இடத்தில் ஈயம் வைத்து அடைத்த ஒரு வட்டம். கடதாசியில் அது மட்டும் மழுமழுவென்று வெள்ளையாக விழுந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை அடைத்த ஆள் எவ்வளவு காசு கேட்டார், தான் எவ்வளவு குறைத்துக் கொடுத்தார் என்ற கதையை மட்டும் முழுதாகச் சொன்னார்.

அதிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் திருத்தின இடம்தான் கண்ணில் பட்டது. முதுகில் வெடித்த பிளாஸ்ரிக் கதிரையில், சூடாக்கிய ஆணியால் இரண்டு கரையிலும் துளை போட்டுச் செப்புக் கம்பியால் அப்பா தைத்திருக்கிறார். சாய்ந்து இருந்தால் கம்பி முனை முதுகில் குத்தும். அதனால் அந்தக் கதிரை எப்போதும் விருந்தினருக்கு இல்லை, எங்களுக்குத்தான். சுளகின் விளிம்பில் பனைநார் அறுந்த இடத்தை மீன்வலைக்குப் பாவிக்கிற நீலக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. கடகத்தின் அடிக்கு உரச்சாக்கில் வெட்டிய துண்டு. சீலைகளின் கதை இன்னும் நீளம். கட்டிக் கிழிந்த சீலை தம்பிக்கு ஏணை ஆனது. ஏணை தலையணை உறை ஆனது. உறை அடுப்படிக்குப் பிடிதுணி ஆனது. அம்மாவின் ஒரு மஞ்சள் சீலையின் கடைசி ஒரு சாண், அடுப்பில் கருகிய விளிம்போடு, இப்போது என்னுடைய வரைதல் கொப்பிக்குள் தைத்துக் கிடக்கிறது.

ஆகவே என் ஒப்படை திருத்தங்களின் படங்களாக மாறியது. பொருள் முழுவதையும் கீறவே இல்லை. கதிரை இல்லை, கதிரையின் தையல் மட்டும். சுளகு இல்லை, நீலக் கயிறு அதன் விளிம்பைச் சுற்றிப்போகிற விதம் மட்டும். பெரிய கடதாசியில், உள்ள அளவுக்கே, பென்சிலால். பழைய பொருளைப் பேணி வைத்திருப்பவர் வீட்டைப் பற்றிப் பலர் செய்துவிட்டார்கள். பேண ஒன்றும் மிச்சமில்லாத வீட்டில், வாங்கியதைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் பரம்பரை. இதை வகுப்பில் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை. “பொருளின்ரை கதை எங்கை?” என்று சேர் கேட்டபோது, “அது ஓட்டைக்குள்ளை இருக்கு சேர்” என்றேன். வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கியபிறகு, வன்னியிலிருந்து வந்து படிக்கிற தோழி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “உங்கடை வீட்டிலையாவது 96. எங்கடை வீட்டிலை பழசு எண்டால் 2010.” அவர்களுடைய வீட்டின் ஆதிப்பொருள் மீள்குடியேறிய காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த ஒரு மண்வெட்டி. முள்ளிவாய்க்காலில் சீலைகளை மண்மூட்டையாகத் தைத்துப் பங்கருக்கு அடுக்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் அதைப் பற்றி ஒரு படமும் செய்யவில்லை. செய்யப்போவதில்லை என்றும் சொன்னாள். மண்வெட்டியைக் கீறினாள், பிடி மாற்றிய மண்வெட்டி. அந்தத் தொகுதியில் எனக்குப் பிடித்த வேலை அதுதான், என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: உங்கள் வீட்டிலுள்ள ஆகப் பழைய பொருள் எந்த வருடத்தது? பதில்களை நீளக் கடதாசி ஒன்றில் வருடக்கோடு கீறி இட்டுக்கொண்டு போனோம். இதைக் கணக்கெடுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் வாய்ச்சொல்தான். வலிகாமத்துப் பிள்ளைகள் 1996இல் கூடி நின்றார்கள். வன்னிப் பிள்ளைகள் 2010இல். வடமராட்சி கிழக்குக் கரையிலிருந்து வந்தவனின் புள்ளி 2005இல் விழுந்தது; 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனதன் பிறகு வாங்கிய பெட்டி. மலையகத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் கோட்டின் இடதுபக்கம் தள்ளி, தன் பாட்டியின் கொழுந்துக்கூடையோடு தனியே நின்றாள். ஊர்ப் பெயர் கேட்காமலே அந்தக் கோட்டைப் பார்த்து யார் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். மூக்குப்பேணிக்காரர்களில் சிலரும் பிறகு இரகசியமாக வந்து, தங்கள் பேணி வீட்டுப் பேணி இல்லை, பெரியப்பா வீட்டில் இரவல் வாங்கியது என்று சொல்லிவிட்டுப் புள்ளியை இடம் மாற்றினார்கள்.

பொருளைத் தாண்டி வீட்டுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் இந்தக் கோட்டால்தான் வந்தது. இங்கே அதைச் செய்ய நினைக்கிற எவரும் ஓவியர் தா. சனாதனன் போட்ட பாதையில்தான் கால் வைக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரை வைத்து, 2011இல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற அவருடைய கலைநூலில், இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டடக்கலைஞர் முறையாக வரைந்த வரைபடமும் ஓவியரின் சித்திரமும். அதைப் புரட்டியபிறகு அம்மாவிடம் கடதாசி கொடுத்து “வசாவிளான் வீட்டைக் கீறித் தாங்கோ” என்று கேட்பது, செய்ததைத் திரும்பச் செய்வதாகவே இருக்கும். தவிர, அம்மா பேனை பிடித்தால் முதலில் கிணற்றைக் கீறுவார், பிறகு முருங்கையை, பிறகு மாட்டுக்கொட்டிலை; வீட்டுக்கு இடம் இருக்காது.

எங்களுக்கு வேறொரு வசதி வந்திருந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த, வலிகாமத்தின் உயர் பாதுகாப்பு வலயக் காணிகளை 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாக விட்டார்கள். அதில் எங்கள் காணியும் வெளியில் வந்தது. வீடு இல்லை. சுவரும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில் திரும்பிப்போன நிறையப் பேர் கிணற்றை வைத்துத்தான் தங்கள் காணியைக் கண்டுபிடித்தார்கள். வேலி போய்விடும், ஒழுங்கை போய்விடும், பாறை உடைத்து வெட்டிய கிணறு எங்கே போகும்? எங்கள் கிணற்றுக்கட்டில் அம்மப்பா சீமெந்து காயமுதல் எழுதிய முதலெழுத்து ஒன்று இருக்கிறது, பாதி உடைந்து.

யோசனை இதுதான்: மேசன்மார் அத்திவாரம் வெட்ட முதல் கயிறு பிடித்துச் சுண்ணாம்பு போடுவார்களே, அதேபோல வீட்டை அதன் இடத்திலேயே, அதன் அளவிலேயே, சுண்ணாம்பால் தரையில் கீறுவது. செம்மண்ணில் வெள்ளைக் கோடு. மேலிருந்து போட்டோ எடுக்க ஒரு நண்பனின் ட்ரோனைக் கேட்டுப் பார்த்தோம். பலாலி விமானநிலையம் அவ்வளவு கிட்ட இருக்கிற இடத்தில் உது ஆகாத வேலை என்று அவனே சொல்லிவிட்டான். ஆகவே ஏணி.

மாமாவுக்குப் பொறுமை இல்லை. காணியைத் துப்புரவாக்கி வைத்திருந்தார். “நான் வாழை வைக்கப்போறன் பிள்ளை, கெதியாய்க் கீறி முடி” என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் மாமா, நடுவில் கயிறு. என் கையில் சுண்ணாம்புத் தகரம்.

விறாந்தை பிரச்சினை இல்லாமல் வந்தது. அறைகள் வந்தன. சாமியறை எந்தப் பக்கம் பார்த்தது என்பதிலும் இருவருக்கும் ஒரே சொல். அளவுநாடாவை அம்மா நம்பவில்லை. “கிணத்தடியிலையிருந்து பின்கதவுக்கு, குடத்தை இடுப்பு மாத்தாமல் கொண்டுவாற தூரம்” என்றார். பிறகு இடுப்பில் கையை வளைத்து, இல்லாத குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தே காட்டினார். நின்ற இடத்தில் நான் கோடு போட்டேன். அளவுநாடா என்ன சொன்னது என்று குறித்து வைத்திருக்கிறேன்; ஆனால் வரைபடத்தில் அந்த இலக்கத்தைப் போடவில்லை, “ஒரு குடம்” என்றே எழுதினேன். மாமாவின் அளவு வேறு மாதிரி. முற்றத்தில் சைக்கிள் ஓடப் பழகியபோது எத்தனை மிதியில் திரும்பவேண்டி வரும் என்று சொன்னார்.

குசினிக்கு வந்தபோதுதான் கயிறு நின்றது. வீட்டின் பின்விறாந்தையோடு ஒட்டி, தாவாரத்தின் கீழ் என்று அம்மா. இல்லவே இல்லை, கிணற்றுப் பக்கமாகத் தனிய நின்ற மண்சுவர்க் கொட்டில், மேலே கிடுகு என்று மாமா.

“இவளுக்கு என்ன தெரியும்? இவள் அப்ப பிறக்கேல்லை.”

“அண்ணை, நீங்கள் குசினிக்குள்ளை வந்ததே சாப்பிடத்தான். அதுவும் நான் கொண்டுவந்து விறாந்தையிலை வைச்சால் அங்கையே இருந்து சாப்பிட்டிட்டுப் போயிடுவியள்.”

வெயில் ஏறியது. இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அம்மாவின் குசினியைக் கீறினேன், பிறகு மாமாவின் குசினியையும் கீறினேன். இரண்டுக்கும் வாசல் விட்டேன். அம்மா தன்னுடையதற்குள் போய் நின்று அடுப்பு இருந்த மூலையைக் காலால் காட்டினார். புகைக்கூடு, அம்மி, உறி தொங்கிய வளை. மாமா தன்னுடையதற்குள் போய் நின்றார், ஆனால் காட்ட அவருக்கு அதிகம் இருக்கவில்லை. பின்பக்கச் சுவரில் ஒரு பொட்டு இருந்ததாம், அதற்குள்ளால் பூனை வரும். அவ்வளவுதான். அந்தப் பொட்டின் இடத்தில் கோட்டில் ஒரு இடைவெளி விட்டேன். அம்மா சிரித்தார்.

ஏணியில் ஏறி எடுத்த போட்டோவில் வீடு கோணல். கீழ்க்கோடு நன்றாக நேராக இருக்கிறது; மேலே போகப் போகச் சாய்கிறது. அதைக் கணினியில் நிமிர்த்தலாம் என்று நண்பன் சொன்னான். வேண்டாம் என்றேன். வீட்டைக் கட்டியவரும் மட்டம் பார்த்துக் கட்டியவர் இல்லை, கீறியவர்களும் இல்லை.

கண்காட்சியில் பானையின் படி, தையல் படங்கள், வருடக்கோடு எல்லாம் ஒரு சுவரில். எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு வீடு. பார்க்க வந்தவர்கள் திருத்தங்களின் முன்னால் அதிகம் நிற்கவில்லை. “எங்கடை வீட்டுக் கதிரையும் உப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது எனக்குப் பெரிய பாராட்டு. வீட்டின் முன்னால் மட்டும் ஆட்கள் தேங்கினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் வலிகாமம் வடக்குக்காரர். இரண்டு குசினியையும் கண்டு, தனித் தனியாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதிலை எது பிள்ளை சரி?” வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த அம்மா ஒவ்வொருவரிடமும் தன்னுடையதைச் சொன்னார். மாமா இரண்டாம் நாள் வந்து கணக்கைச் சமன்செய்தார்.

போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது தம்பி. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மா, அங்கே நடுச்சாமம், குரல்பதிவு அனுப்பினார். வீட்டில் மூத்தவர் அவர்தான்.

“ரெண்டு பேரும் விசர்க்கதை கதைக்கினம். வீடு கட்டேக்கை சமைச்சது முன்பக்கம், புளியமரத்துக்குக் கீழை. மூண்டு கல்லு. அம்மா அதிலை நிண்டு கல்லுச் சுமந்த ஆக்களுக்கெல்லாம் கஞ்சி வார்த்தவ. நான்தான் சிரட்டை கழுவினனான். உவையள் ரெண்டு பேரும் அப்ப இல்லை.”

பத்து நிமிடத்தில் படம் ஒன்றும் வந்தது, மின்சாரக் கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் பச்சைப் பேனையால் கீறியது. புளியமரம் வீட்டைவிடப் பெரிது. மாமா அதைக் கண்டதும் உடனே பதில் போட்டார்: அது புளி இல்லை, வேம்பு. அம்மா இன்னும் எதுவும் போடவில்லை; எழுதி எழுதி அழிக்கிறார் என்று மேலே காட்டுகிறது. வாழைக்குட்டிகள் வந்து இறங்க இன்னும் ஒரு கிழமை இருப்பதால், முன்பக்கத்தை மட்டும் உழாமல் விடும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பு இன்னும் அரைத் தகரம் கிடக்கிறது.